எஸ்தர் அக்கா வாங்கி வைத்த இடம்

எஸ்தர் அக்கா இன்று காலை இறந்துவிட்டார். அவர் மகன் சாலமன்தான் போன் பண்ணினான். "அம்மா போயிட்டாங்க அத்தை"... அவ்வளவுதான் சொன்னான்.

எழுபதுகளில் நானும் அக்காவும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர்கள். ஒரே டேபிள், ஒரே சர்ச். பழைய கம்பெனி ஆட்கள் இந்தக் குரூப்பில் சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அக்கா கையில் போன பனியனில் ஒரு ஓட்டை தப்பாது. சிரிப்பும் லேசில் வராது.

அவர் கணவர் ஞானமுத்து அண்ணன் சலவைப் பட்டறையில் இருந்தார். பெரிய தொட்டிகளில் துணியை வேகவைத்து வெளுக்கும் வேலை.

அங்கே தாவீது என்று ஒருவன். ஒருநாள் சாராயத்தைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்தவன், கீழே யாராவது நிற்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டான். கொதிதண்ணீர் மொத்தமும் அண்ணன் மேல்...

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

தாவீதும் எங்கள் சபைக்காரன்தான். சபையை விட்டு நீக்கினார்கள். எனக்கு அது போதவில்லை.

அக்கா தாலியை விற்று, கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் குழிக்குப் பக்கத்து இடத்தைத் தனக்காக வாங்கி வைத்தார். ஒரு கல்லறைத் திருநாளன்று அந்த வெறும் மண்ணை எனக்குக் காட்டினார். "இது என்ற எடம் கண்ணு. இங்க வந்து படுத்துட்டாப் போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

கொஞ்ச காலத்தில் தாவீதும் செத்தான். குடித்தே செத்தான். நீக்கப்பட்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சர்ச் கமிட்டி கையை விரித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அவன் பெண்டாட்டி ரோசம்மா சர்ச் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நல்ல வெயில் காலம், செத்தவன் உடம்பு வீட்டில் கிடக்கிறது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனோம்.

எஸ்தர் அக்கா மட்டும் திரும்பி உள்ளே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என்ற எடத்தக் குடுத்தர்றேனுங்க. அங்க வெச்சுருங்க."

கமிட்டிப் பெரியவர் ஒருவர் பதறிப்போனார். "ஏம்மா, உம்புருசனக் கொன்னவனை அவரு பக்கத்துலயே படுக்க வெக்கச் சொல்றியா? அவனுக்கு என்ன யோக்கியதை இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க. இருந்திருந்தா நீங்களே குடுத்திருப்பீங்களே."

அன்று மாலையே அண்ணனுக்குப் பக்கத்தில் தாவீதைப் புதைத்தார்கள்.

மறுநாள் டேபிளில் அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டேன். எப்படி அவனை மன்னிச்சீங்க என்று.

"ஆரு மன்னிச்சா? அவன நெனச்சாலே எனக்கு வயிறு எரியுது கண்ணு. ஞாயித்துக்கிழமையானா கிருபை கிருபைன்னு பாடறோம்... சர்ச்சோட உட்டுட்டு வந்தர்றதா அது?"

சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

அதோடு விட்டாரா... ஓனரிடம் பேசி ரோசம்மாவையும் எங்கள் டேபிளுக்கே வேலைக்குக் கூட்டி வந்தார். மாசக்கணக்கில் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் ஆனால் மட்டும் தன் குழம்புத் தூக்கை அவள் பக்கம் தள்ளி வைப்பார், முகத்தைப் பார்க்காமல்.

ரோசம்மா அழுதுகொண்டே ஊற்றிக்கொள்வாள். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குச் சோறு இறங்காது.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் அண்ணன் குழியில் புல்லைப் பிடுங்கிவிட்டு, அதே கையோடு தாவீதின் குழியிலும் பிடுங்குவார். ரோசம்மா செத்து, அவள் பிள்ளைகளும் எங்கெங்கோ போன பிறகும் அது நிற்கவில்லை. நான் ஒரு நாளும் கூடச் சேர்ந்து பிடுங்கியதில்லை. எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வராது.

போன மாதம் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கூட இருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் இப்போது இடமே இல்லை. ஒரு குழிக்கு ஒருவர் என்பது எங்கள் சபை வழக்கம். கேட்பாரற்ற பழைய குழி என்றால் எலும்பை எடுத்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று புதுக் கமிட்டி முடிவு பண்ணியிருக்கிறது.

சாலமன் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னான். "அம்மா, அது நம்ம எடம். கமிட்டில பேசிட்டேன். அந்தாள எடுத்துப்போட்டுட்டு உங்கள அப்பா பக்கத்துலயே வெக்கறோம்."

சரி என்று சொல்லுங்க அக்கா, சொல்லுங்க அக்கா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

அக்கா ரொம்ப நேரம் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை இருந்தது. கண் நிறைந்து காதுப் பக்கம் வழிந்தது, நான்தான் துடைத்தேன்.

"வேண்டாங் கண்ணு... அவனும் தூங்கட்டும். எழுப்பாதீங்க."

சாலமன் எழுந்து வெளியே போய்விட்டான்.

இன்று மாலை அடக்கம். ஊரைத் தாண்டி, தாராபுரம் ரோட்டில் சபை வாங்கியிருக்கும் புது இடத்தில். சாலமன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருக்கிறான். செம்மண், வேலிகூட இன்னும் போடவில்லை. அங்கே முதல் குழியே அக்காவுக்குத்தான்.

போயிட்டு வாங்க எஸ்தர் அக்கா.

ரெண்டு பக்கமும் ஆளில்லாம படுக்கறீங்களேன்னுதான்...