ஓடு மாற்றாத வருஷம்

புரட்டாசி பாதி ஆகிவிட்டால் எங்கள் தெருவில் ஏணிக்கு ஏகக் கிராக்கி. ஐப்பசி மழைக்கு முன்னால் நாட்டு ஓட்டைப் பிரித்து, உடைந்ததை எடுத்துவிட்டு, சருகையும் எலிக்கூட்டையும் கூட்டித் தள்ளி, புது ஓடு செருகி அடுக்க வேண்டும். கோயிலுக்கும் மலைக்கும் நடுவே போய்வருகிற குரங்குகள் வருஷம் முழுக்க எங்கள் கூரையைத்தான் ரோடாக வைத்திருந்தன. உடையாத ஓட்டை எண்ணுவதுதான் சுலபம். ஓடு மாற்றுகிறவரோ ஒரே ஒருவர். வீட்டுக்கு ஒரு நாள் என்று தெருக்கோடியிலிருந்து முறை வைத்து வருவார். முறையை விட்டால் அப்புறம் பொங்கலுக்குத்தான் அவரைப் பிடிக்க முடியும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், எங்கள் முறை வந்தபோது அவரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். நான் நிறைமாதமாக இருந்தேன். அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நன்றிதான். கூச்சம் அதற்கு அடுத்து வரும்.

வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, கூரையைப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்துகிறவள் நான். இதையெல்லாம் நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் முந்தின வருஷம், என் கணவர் குளியலறைச் சுவரை இடித்துக் கட்டிய அதே வாரத்தில்தான், ஆறாம் மாதத்தில் எனக்குக் குழந்தை தவறிப்போனது. சுவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதற்கப்புறம் சுத்தியலைக் கண்டாலே வயிற்றைக் கையால் மூடிக்கொள்வேன்.

பஸ்ஸில் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், பிரசவத்துக்கு நான் தாய்வீட்டுக்கு, கீழ்பென்னாத்தூருக்குப் போகாமல் அம்மா இங்கே வந்திருந்தாள். வந்ததும் என் கணவரிடம் சொன்னாள்: "பிள்ள பொறக்கற வரைக்கும் இந்த வீட்ல ஒரு துரும்பக்கூட நகத்தாதீங்க மாப்ள." அவருக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. கொல்லையில் புதரை வெட்டுவது, தண்ணீர் போகிற கால்வாயைத் தூர் வாருவது, விறகைப் பரணில் ஏற்றுவது என்று எதைச் சொன்னாலும் "அத்தை வேணாம்னுட்டாங்க" என்று பேப்பரை விரித்துக்கொள்வார்.

கூரைக்கு என்ன செய்வது? உள்ளறையில் படுக்கை போடுகிற இடத்துக்கு நேர் மேலே மூன்று இடத்தில் வானம் தெரிந்தது. கட்டிலை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு பொத்தல் கூடவே வந்தது. பிறக்கிற பிள்ளையை அடைமழையில் எங்கே படுக்க வைப்பது? இதையும் இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தைப் பயமாகக் காட்டத் தெரியாமல், எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டது பக்கத்து வீட்டு அக்கா. தகரப்பெட்டி செய்கிற பாயின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் ஒரே நீளக் கூரை. நடுச்சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறி நின்றுவிடும், அதனால் அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அவர்கள் முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி எங்கள் துணிக்கொடிக்கு வந்துவிட்டது என்று ஒரு நாள் தெருவே கேட்கக் கத்தினேன். மறுநாள் கிளைகளை வெட்டிவிட்டார்கள். காய்க்கிற மரத்தை இப்படியா மொட்டையடிப்பது என்று அதற்கும் ஒரு பாட்டம் பேசினேன்.

ஐப்பசி பிறந்து சில நாளில், ஓடு மாற்றுகிறவரைத் திருப்பி அனுப்பிய மறுநாளே, பெரியாஸ்பத்திரியில், விடியற்காலையில் பெண் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். முந்தின வருஷம் எனக்குக் கேட்கக் கிடைக்காத சத்தம் அது. நான் அழுத அழுகையில் ஆயாம்மா பயந்துவிட்டார். மதியத்துக்குள் மலை உச்சியை மேகம் மூடியது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. உள்ளறை எப்படி நனைந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபடியே மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

நாலாம் நாள் தூறலில் குடை பிடித்து வீட்டுக்கு வந்தால், உள்ளறைத் தரை காய்ந்து கிடந்தது. மேலே பார்த்தேன். வரிசையாகப் புது ஓடு. வானத்தைக் காணோம். கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக என் கணவரை வாயாரப் புகழ்ந்தேன். பழக்கமில்லாத மனிதர், நெளிந்தார். அரை மணி நேரம் அந்தப் புகழை வைத்திருந்துவிட்டு, மனசு கேட்காமல் சொன்னார்.

"நான் இல்ல. பிள்ள பொறந்த சேதியச் சொல்லத் தெருவுக்கு வந்தேன். அன்னிக்குப் பாய் வீட்டு முறை. ஓடு மாத்தறவரு ஏணி போட்டு ஏறிட்டாரு. சேதியக் கேட்டதும் அக்கா வெளிய வந்து, 'பொறந்தாச்சில்ல, இனிமே என்ன தடை? மொதல்ல டீச்சர் வீட்டுப் பக்கம் போங்க'ன்னு அவர அனுப்பிட்டாங்க. பாய் வாங்கி வெச்சிருந்த ஓட்டத்தான் போட்டாரு. நம்ம பக்கம் முடியறதுக்கும் மழை வர்றதுக்கும் சரியா இருந்துச்சு."

"அப்ப அவங்க பக்கம்?"

"கேட்டேன். எங்களுக்கு ஒண்ணும் ஜாஸ்தி ஒழுகாதுன்றாங்க."

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை வலுத்தது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் டொக், டொக் என்று பாத்திரத்தில் சொட்டு விழுகிற சத்தம். ஒரு பாத்திரத்தில் இல்லை, நாலைந்தில். நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். "அக்கா, உங்க வீட்ல ஒழுகுதா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"இல்ல டீச்சர், பாத்திரம் கழுவறேன். நீங்க பிள்ளயத் தூங்க வைங்க."

இரண்டு நாள் கழித்து மழை நின்றபோதுதான் அக்கா பாத்திரம் கழுவி முடித்தார்.