மடங்கத் தெரிந்த தகடு

கோயம்புத்தூரில் ஒரு பொருள் தரமானதா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது ஒன்று, தூக்கிப் பார்ப்பது மற்றொன்று. பம்புசெட்டோ கிரைண்டரோ, தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் அது நல்ல சரக்கு. இந்த ஊரில்தான் தொண்ணூறுகளின் நடுவில், எடை குறைந்த, மோதினால் நசுங்குகிற வண்டி முகப்பு ஒன்றை நான் வடிவமைத்தேன். வேண்டுமென்றே நசுங்குகிற முகப்பு. அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

வண்டி ஒரு சிறிய சரக்கு வேன். எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருந்ததால், ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் முகப்புத் தகடு மட்டும்தான். பழைய முகப்பு கனத்த இரும்பு. மோதினால் நசுங்காது, அப்படியே உள்ளே வந்து காலின்மேல் உட்காரும். என் முகப்பில் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, அதன் பின்னால் வரிசையாகத் தகட்டுப் பெட்டிகள், எல்லாவற்றையும் மூடி ஓர் உள்தட்டு. எந்த இடத்தில் மடங்க வேண்டும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் சிறு பள்ளம் போட்டு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். மோதலின் வேகத்தைப் பெட்டிகள் மடிந்து மடிந்து தின்றுவிடும். கால்வரை மிச்சம் வராது. கணக்கு சரியாக இருந்தது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

சோதனைக்கென்று தனி வசதி கிடையாது. எங்கள் முதலாளியின் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மணல் கொண்டுபோகும் தள்ளுவண்டிக்குத் தண்டவாளம் இருந்தது. அதைச் சரிவாக்கி, வேனின் முன்பாதியை ஏற்றி, இருக்கையில் ஒரு மணல் மூட்டையை பெல்ட் போட்டு உட்காரவைத்து, முழங்கால் வரும் இடத்தில் இரண்டு மண் கலயங்களைக் கட்டி, கான்கிரீட் சுவரில் போய் மோத விட்டோம். முகப்பு சுருண்டு போயிற்று. கலயங்களில் ஒரு கீறல் இல்லை. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

முதலாளி சுருண்ட தகட்டைத் தட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இத்தன மாசமா அப்பளம் பொரிச்சிட்டா இருந்தீங்க?"

"கலயம் உடையலீங்களே, அதப் பாருங்க."

"கலயத்தையா நான் விக்கப்போறேன்? முகப்பப் பார்த்துத்தானுங்க வண்டி வாங்குவான்."

பவுண்டரி மேஸ்திரி தள்ளி நின்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக அவர் வெட்கப்படுகிறார் என்று புரிந்தது. அந்த வெட்கம் எதுவரை போகும் என்பதுதான் புரியவில்லை.

ஆனாலும் முதலாளி ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இரண்டாவது முகப்பை ஒரு வேனில் பொருத்தி, வால்பாறை மலைச்சாலையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது. ஓட்டப்போகிறவர் முன்பு லாரி ஓட்டியவர். ஒரு மோதலில் இரும்பு முகப்பு உள்ளே வந்ததில் அவருடைய இடது முழங்கால் பாதிதான் மடங்கும். கிளட்சை மிதிக்கத் தொடையோடு சேர்த்துத் தூக்கி வைப்பார். என் வரைபடத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். "மிச்சம் இருக்கற காலு ஒண்ணுதானுங்க. உங்களை நம்பித்தான் மலை ஏறறேன்" என்றார்.

எங்கள் நிறுவனத்தில் சோதனை முறைகளை எழுதியது நான். எந்தப் பாகமும் வண்டியில் ஏறும் முன் எடை பார்த்துப் படிவத்தில் குறிக்க வேண்டும் என்பது அதில் நான்காவது விதி. அதைக் கேலி செய்யாதவர் கிடையாது. வேன் புறப்படுவதற்கு முந்தைய மாலை அந்தப் படிவம் கையெழுத்துக்கு வந்தது. எடைக் கட்டம் காலி. தராசு கிடங்கின் மறுகோடியில். முகப்பை வரைந்தவனே நான், அதன் எடை எனக்குத் தெரியாதா? ஒன்பது கிலோ நானூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிடங்குக் காப்பாளர் ஒரு சீட்டோடு வந்தார். என் பிரிவின் பெயரில் இரும்பு ஆங்கிள் சட்டம், இரண்டு துண்டு. காரணம் என்ற இடத்தில், 'முகப்பு வேலைக்கு'. எழுதியிருந்தவர் மேஸ்திரி. நேராக பவுண்டரிக்குப் போனேன்.

"ஆமாங்க சார், நாந்தான் வாங்குனேனுங்க. பொட்டிக்கு நடுவால ரெண்டு ஆங்கிள் குடுத்து போல்ட் போட்டுட்டேனுங்க. வெளிய தெரியாது. இனி ஆனை முட்டுனாலும் அசையாதுங்க."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"பெரியவரு முன்னால உங்க மானம் போச்சுங்களே சார். மனசு கேக்கலீங்க." பிறகு கொஞ்சம் பெருமையோடு, "சீட்டுக்கூட முறைப்படி எழுதிப்போட்டேனுங்க" என்றார்.

எழுதியிருந்தார்தான். முறையாகத் தப்பு செய்தவர் அவர். முறையை எழுதிவிட்டு அதை ஏமாற்றியவன் நான். தராசில் வைத்திருந்தால் அந்த ஆங்கிள் அப்போதே பேசியிருக்கும்.

வேன் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டிருந்தது. இப்போது அதன் முகப்பு மடங்காது. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டி தடுமாறினால் இரண்டு ஆங்கிள்களும் நேராக அந்த மனிதரின் காலுக்கு வரும். நிறுவனத்தின் பழைய காரில் ஸ்பேனர் பெட்டியைப் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் விரட்டினேன். ஆழியாறு சோதனைச் சாவடியில் விசாரித்தேன். அப்படி ஒரு வேன் இன்னும் வரவில்லை என்றார்கள். அரை நிமிடம் மூச்சு வந்தது. மலை ஏறவில்லையென்றால், வழியிலேயே ஏதாவது நடந்துவிட்டதா என்ற எண்ணம் வந்ததும் அது மறுபடி நின்றது.

திரும்பி வரும் வழியில், அடிவாரத்து ஆனைமலை ஊருக்குள் நுழைந்து பார்த்தேன். கோயிலுக்குப் போகும் தெருவில் வேன் நின்றது. நான் கொடுத்த பயணத் தாளில் அந்த நிறுத்தம் கிடையாது. புது வண்டி அம்மனைக் கும்பிடாமல் மலை ஏறாது என்பது ஓட்டுநரின் விதி, எனக்குச் சொல்லவில்லை. பூசை வரிசை நீளமாக இருந்திருக்கிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தபடியே இருந்தது. அவர் முகப்பில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விரல் முட்டியால் அதில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வாங்க சார். அன்னைக்குத் தட்டிப் பார்த்தப்ப டப்பா மாதிரிக் கேட்டுச்சு. இன்னைக்கு ஊமையாட்டம் இருக்குது. உள்ள என்னத்தப் போட்டு வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். எடை போடாமல் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்தே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எங்க காங்கேயத்துல மாடு வாங்கறவங்கூட பல்லப் புடிச்சுப் பார்த்துத்தான் வாங்குவானுங்க. நீங்க காலேஜுல என்னதான் படிச்சீங்க?"

"மாட்டுக்குப் படிவம் கிடையாதேங்க."

"அதனாலதானுங்க மாடு நல்லா இருக்குது."

தெருவிலேயே முகப்பைக் கழற்றி, உள்தட்டைத் திறந்து, ஆங்கிள்களை எடுத்தோம். பக்கத்துத் தேங்காய் மண்டியில் தராசு இருந்தது. மண்டிக்காரர் முகப்பை ஏற இறங்கப் பார்த்தார். "கிலோ என்ன விலைங்க?" என்று கேட்டார். முள் ஒன்பது கிலோ நானூறில் நின்றது. என் நினைவு தப்பவில்லை. அதுதான் அவமானத்தில் பெரிய பங்கு. ஆங்கிள்கள் இரண்டும் சேர்ந்து மூன்றரைக் கிலோ. அவற்றைக் காரின் பின்னால் போட்டேன். வேன் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது.

ஐந்தாம் நாள் வால்பாறையிலிருந்து தொலைபேசி வந்தது. வளைவில் இறங்கி வந்த ஒரு தேயிலை லாரி பிரேக் பிடிக்காமல் நேராக வந்து மோதியிருக்கிறது.

"சார், உங்க அப்பளம் நொறுங்கிப்போச்சுங்க" என்றார் ஓட்டுநர்.

"காலு?"

"ரெண்டும் இருக்குதுங்க. டீ கெடச்சா நல்லா இருக்கும், இங்க கடையக் காணோம். தேயிலை ஊருன்னு பேரு."

ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விஷயம் கேள்விப்பட்டு முதலாளி வந்தார். எதையும் தட்டிப் பார்க்கவில்லை. "கலயம் உடையலீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

விபத்துப் படிவத்தை அன்றே எழுதி முடித்தேன், ஒரு கட்டம் தவிர. மறுநாள் மாலை உக்கடம் பேருந்து நிலையத்தில் போய் நின்றேன். பொள்ளாச்சி பேருந்திலிருந்து அவர் இறங்கினார். இடது காலைப் பழையபடி விறைப்பாக ஊன்றி, வலது காலை எப்போதும்போல வீசி, என்னை நோக்கி நடந்து வந்தார். நடையை இருபது தப்படி பார்த்தேன். பழைய நொண்டல்தான், புதிதாக ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான், பேருந்து நிலையத்துப் பெஞ்சில் படிவத்தை வைத்து, காயம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.