டர்போ கழுவலையோ, டர்போ!

டர்போ எஞ்சினைச் சுத்தம் செய்து கொடுப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுகிற மாதிரியான தொழில்: நன்றாகச் செய்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், கொஞ்சம் பிசகினால் தெருவே நின்று பார்க்கும். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்லாமலே புரியும்.

நான் எங்கள் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், தூசி நுழையாத அறைக்குள், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புப் போட்டு வேலை பார்த்தவன். ஆட்குறைப்பு வந்தது. வெள்ளை உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். டீசல் விலை ஏறி எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்த நேரம். எனக்கு ஒரு யோசனை வந்தது. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊதுகிற சின்னச் சக்கரம். அந்தக் காற்று போகிற வழியெல்லாம் பிசுக்கும் புகைக்கரியும் நாளாக ஆக அப்பிக்கொள்ளும், சமையலறையில் காற்றாடியில் படிகிறதே அந்த மாதிரி. வழி அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் எண்ணெய் அதிகம் குடிக்கும். பெட்ரோலோ டீசலோ, எங்கள் ஊரில் எல்லாமே 'எண்ணெய்'தான். வீடு தேடிப் போய் அந்தக் கரியை எடுத்துக் கொடுத்தால் என்ன?

ஒரு பழைய டர்போ டீசல் வேன் வாங்கினேன். அதன் இரண்டு பக்கமும் தமிழிலும் மலாயிலும் 'எஞ்சின் சுத்தம், எண்ணெய் மிச்சம்' என்று எழுதி, கீழே போன் நம்பரும் போட்டேன். என் மனைவி சுமதி ஜெலுத்தோங் வீட்டில் உட்கார்ந்து போன் எடுப்பாள். நான் போய்க் கரி எடுப்பேன். திட்டம் அவ்வளவுதான்.

டீச்சரின் வலது கால்

முதல் வாடிக்கையாளர் எங்கள் அடுக்குமாடியிலேயே கீழ்த் தளத்தில் இருக்கும் லெட்சுமி டீச்சர். சின்ன பெட்ரோல் டர்போ கார். உள்ளே நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கரி இருந்தது. காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை சுரண்டி உறிஞ்சி எடுத்தேன். மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி சத்தம் போட்டது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அடுத்த வாரம் மின்தூக்கி வாசலில் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். முன்பைவிட இப்போது அதிகமாக எண்ணெய் குடிக்கிறதாம். "ஒரு சுத்து போய்ப் பார்க்கலாமா டீச்சர்?" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கடலோர விரைவுச்சாலை வந்ததும் டீச்சர் மிதித்தார் பாருங்கள், நான் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். லாரிகளை முந்தினார். பஸ்ஸை முந்தினார். பின்னால் விளக்கடித்து வழி கேட்ட ஒருவனுக்கு வழி விடாமலே போனார். அடுக்குமாடி வாசலில் நிறுத்திய பிறகுதான் பிடியை விட்டேன். "டீச்சர், கோளாறு எஞ்சின்ல இல்ல, நீங்க மிதிக்கிறதுலதான்" என்று மெல்லச் சொன்னேன். அவர் கொஞ்சங்கூட வெட்கப்படவில்லை.

"முந்தி மிதிச்சாலும் போகாது, அதனால மெதுவா போனேன். இப்பதான் போகுதே, ஏன் தம்பி மெதுவா போகணும்?"

வெள்ளைக் கார்

ஜுருவில் பழைய கார் விற்கிற சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒருவர். தமிழர்கள் இருந்த ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவார். அவரைப் பிடித்துவிட்டால் கடையிலிருக்கும் எல்லா வண்டியும் எனக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். ஒரு டீசல் பிக்கப்பை இலவசமாகவே கழுவிக் காட்டுகிறேன் என்றேன். அவரும், கடைப் பையன்களும், கார் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பமும் சுற்றி நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. கரி என்றால் என்ன, டர்போ என்றால் என்ன என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

மருந்தை உள்ளே விட்டு ஊற வைத்த பிறகு எஞ்சினை ஒரு முறை நன்றாக உறுமவிட வேண்டும், அப்போதுதான் இளகிய கரியெல்லாம் வெளியே வரும். அது எனக்குத் தெரியும். புகைக்குழாய்க்கு நேர் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது தெரியவில்லை. மிதித்தேன். கறுப்பு மேகம் ஒன்று கிளம்பிப் போய், அன்று காலைதான் மெழுகு போட்டுத் துடைத்து நிறுத்தியிருந்த வெள்ளைக் காரின்மேல் நிதானமாக இறங்கியது. அந்தக் குடும்பம் வாங்க வந்ததே அந்தக் காரைத்தான். தவுக்கே கடைக்குள் போனார். பிறகு ஒரு வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"உள்ள உள்ள அழுக்கு எல்லாம் வெளிய வந்திரிச்சி, நல்ல வேலை லா தம்பி. இப்ப வெளிய உள்ள அழுக்க நீயே கழுவு."

சுமதியின் ஆலோசனை

கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒருவர் போன் செய்தார். புது பிக்கப், டர்போ டீசல், ஆனால் எண்ணெய் தண்ணீராக ஓடுகிறது, உடனே வந்து கழுவ வேண்டும் என்றார். நான் பக்கத்தில் மருந்துப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சுமதிக்கு ஒரு பழக்கம், யாரிடமும் இரண்டு கேள்வி கேட்காமல் போனை வைக்க மாட்டாள். "காலையில வண்டிய எப்படிண்ணே எடுப்பீங்க?" என்று கேட்டாள். டர்போ வண்டியைச் சூடாக்காமல் எடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். அதனால் எழுந்ததும் ஸ்டார்ட் செய்து, உள்ளே குளிர ஏர்கானையும் போட்டுவிட்டு, குளித்து, சாமி கும்பிட்டு, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பசியாறிவிட்டுத்தான் கிளம்புவாராம். அதுவரை வண்டி வாசலில் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நான் கையை ஆட்டினேன், கண்ணைக் காட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று வாயை அசைத்தேன். சுமதி என்னைப் பார்த்துக்கொண்டே, நான் என்றைக்கோ சாப்பாட்டு மேசையில் அவளுக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கு ஒப்பித்தாள். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடலாம், முதலில் கொஞ்ச தூரம் மிதிக்காமல் போனாலே போதும், நின்றுகொண்டே ஓடினால் எண்ணெயும் வீண், உள்ளே கரியும் சேரும். அன்றைக்கு இருந்த ஒரே வேலை என் கண்ணெதிரே கைநழுவிப் போனது. கடைசியாக அவள் சொன்னது:

"எஞ்சின அப்புறம் கழுவிக்கலாண்ணே, மொதல்ல நீங்க குளிச்சிட்டு வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க."

பாலத்தின் நடுவில் ஆட்டுக்கறி

காதர் பாய் கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் சிம்பாங் அம்பாட்டில் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். சட்டிகளை ஏற்றிப் போகும் அவருடைய டர்போ டீசல் வேன் கொஞ்ச நாளாகத் திணறுகிறது என்று கூப்பிட்டார். மறுநாள் அவர் அக்கா மகளுக்குத் தீவில் நிக்காஹ், அதற்குள் வண்டி சரியாகிவிட வேண்டும். அவர் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்தேன். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுகிற நேரம் பார்த்து, "உப்புக் காரம் பாருங்க தம்பி" என்று ஒரு கிண்ணம் ஆட்டுக்கறி வந்தது. ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் ஸ்குரூடிரைவர். கறியை முழுசாக முடித்தேன். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் தடித்த ரப்பர் குழாயின் வளையத்தை முழுசாக முடுக்கவில்லை.

தெருவுக்குள் மெதுவாகப் போனவரை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும் இரண்டாம் பாலத்தின் மேட்டில் முழுப் பாரத்தோடு மிதித்ததும் குழாய் 'டப்' என்று பிடுங்கிக்கொண்டது. பின்னால் ஒரே கரும்புகை. காதர் பாய் எனக்குப் போன் போட்டார். "தம்பி, பாலத்து நடுவுல இருக்கேன் லா. மிதிச்சா இழுக்க மாட்டேங்குது. பின்னால கறி இருக்கு, தால்ச்சா இருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மண்டபத்துல வந்து உக்காந்துட்டாங்க" என்றார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என்ன ஆகியிருக்கும் என்று எனக்குப் போனிலேயே தெரிந்துவிட்டது. வேனை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாலத்தில் நடுவில் திரும்ப முடியாது என்பது ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. எதிர்ப்பக்கம் ஓரத்தில் காதர் பாய் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு ஊர்ந்து வந்துகொண்டிருந்தார். நான் 'எண்ணெய் மிச்சம்' என்ற எழுத்தோடு அவரைக் கடந்து பெருநிலத்தை நோக்கிப் போனேன். அவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். வேறென்ன செய்வது? நான் அந்தக் கரைக்குப் போய், திரும்பி, டோல் கட்டி, பாலம் முழுக்க மறுபடி ஓட்டி வருவதற்குள் அவரே ஊர்ந்து ஊர்ந்து தீவுக் கரையில் பத்து மாவுங் என்ற இடத்தில் இறங்கிச் சாலையோரம் நின்றிருந்தார்.

முன்மூடியைத் திறந்தேன். குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. "நான்தான் பாய் சரியா முடுக்கல" என்றேன். மாட்டி முடுக்க நேரமே ஆகவில்லை, அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் சுத்தமாத்தான் இருக்கு. வண்டிதான் போகல" என்றார்.

அவர் வண்டிக்குப் பின்னாலேயே மண்டபம் வரை போனேன். வாசலில் பெண்ணின் அப்பா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேனைத் திருப்பிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. சட்டிகளைத் தூக்கினேன். பந்தியில் கறி ஊற்றினேன். என் சட்டை முதுகிலும் 'எஞ்சின் சுத்தம்' என்று இருந்ததால் சிலர் கறியை முகர்ந்து பார்த்தே சாப்பிட்டார்கள். நல்ல வேளை, சாப்பாடு சூடாகவே இருந்தது, தாமதத்தைக் கறி மறக்கடித்துவிட்டது. சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா வந்து, இந்தத் தம்பி யார், புது ஆளா என்று விசாரித்தார். காதர் பாய் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"எஞ்சின் கழுவுற தம்பி மச்சான். சட்டி இன்னும் நல்லாக் கழுவுறாரு."

அதிகாரியின் பரிந்துரை

அடுத்தவர் வண்டியைக் கழுவவே நேரம் சரியாக இருந்தது, என் வேனை நான் திறந்தே பார்க்கவில்லை. பட்டர்வொர்த் பக்கம் ஒரு சாலைச் சோதனையில் கையைக் காட்டி நிறுத்தினார்கள். புகை அதிகமாம். ஓர் இளம் மலாய் அதிகாரி, ரொம்ப மரியாதையானவர். எஞ்சினை உறுமவிடச் சொன்னார். விட்டேன். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். அபராதச் சீட்டை எழுதிக்கொண்டே வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பக்கவாட்டு எழுத்துக்கு முன்னால் நின்று படித்தார். மறுபக்கம் போய் அதையும் படித்தார். இது என் வண்டிதான், ஆனால் தொழில் என்னுடையது இல்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சட்டை முதுகு ஞாபகம் வந்ததால் விட்டுவிட்டேன். சீட்டை நீட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் மலாயில் சொன்னார்:

"ஐயா, இந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க. நல்லாக் கழுவுவாங்க போல இருக்கு."

தைப்பிங் வரைக்கும்

ஆயர் ஈத்தாமில் அருள்மேரி ஆண்ட்டி தனியாக இருக்கிறார். தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் அம்மாவுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று யானை மாதிரி ஒரு டர்போ டீசல் வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆண்ட்டி அதில் காய்கறி வாங்கப் பாசாருக்கும் தேவாலயத்துக்கும் போவார், அவ்வளவுதான். அந்த மாதிரி வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு. நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி தானாக எரிந்து போகும். பாசார் வரை ஓடினால் சேர்ந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

கழுவ ஒன்றுமில்லை, நெடுஞ்சாலையில் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டினால் போதும் என்றேன். அவருக்கு நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம். சரி, நானே ஓட்டுகிறேன், நீங்கள் வீட்டில் இருங்கள் என்றேன். வண்டியைத் திருப்பி வாசலுக்குக் கொண்டுவந்தபோது ஆண்ட்டி நல்ல சேலை கட்டி, கைப்பையோடும் பிளாஸ்கோடும் நின்றார். "அங்கிள் இறந்த பிறகு பாலத்தைத் தாண்டவே இல்ல" என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஜுருவைத் தாண்டி தெற்கே வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் ஓட்டினேன். ஆண்ட்டி கண்ணாடியை ஒட்டிக்கொண்டு செம்பனைத் தோட்டங்களையும் மலைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். எந்தெந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், அங்கிள் எந்த வளைவில் வண்டியை நிறுத்திச் சண்டை போட்டார் என்றெல்லாம் சொன்னார். ஒரு ஓய்விடத்தில் அவர் கொண்டுவந்த காப்பியைக் குடித்தோம். ஈப்போவுக்குப் பாதி வழியில், தைப்பிங் நெருங்கியபோது விளக்கு அணைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை நான் சொன்னபடியே நடந்திருக்கிறது! "ஆண்ட்டி, அணைஞ்சிருச்சு!" என்று கத்தினேன். அவர் விளக்கு எரிந்த இடத்தை உற்றுப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"அதுக்குள்ளயா? ஈப்போ வரைக்கும் எரிஞ்சிருக்கக் கூடாதா லா, தம்பி?"

ஆக, இந்தத் தொழிலில் யாருக்கு எவ்வளவு எண்ணெய் மிச்சமானது என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது, எனக்கு மிச்சமானது நகக்கண்ணில் ஏறிய கரி ஒன்றுதான், அதைக் கழுவுகிற மருந்து மட்டும் என் வேனில் இல்லை.