குண்டசாலை விலாசம்

இருபத்தெட்டு வருசமாக ஒரு மனுசன் பேனாவை மூடிய சத்தம் என் காதில் கிடக்கிறது. கண்டியில் ஒரு பிஸ்கட் ஏஜென்சிக்கு லொறி ஓட்ட ஆள் கேட்டார்கள் என்று போயிருந்தேன். லைசன்ஸ் இருந்தது. லொறியைப் பின்னால் எடுத்துக் காட்டு என்றார்கள், மதிலில் ஒரு கீறல் விழாமல் எடுத்துக் காட்டினேன். நல்லது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, மேசையில் இருந்தவன் விலாசம் கேட்டான். மஹய்யாவ என்று சொல்லி வரிசை வீட்டு இலக்கத்தையும் சொன்னேன். பாதி எழுதியவன் நிறுத்திப் பேனாவை மூடினான். கடிதம் போடுகிறோம் என்றான். இன்றுவரை வரவில்லை.

கண்டியில் அந்த விலாசத்தைச் சொன்னால் உன் அப்பன் என்ன வேலை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மாநகர சபையில் தெருக் கூட்டியிருப்பான், இல்லையென்றால் சாக்கடைக் கான் கழுவியிருப்பான். என் அப்பா இரண்டும் செய்தார். பிறகு நான் கல்யாணம் கட்டி, மனைவி கலாராணியின் வீட்டோடு குண்டசாலைக்கு வந்து, ஆட்டோ வாங்கி ஓட்டுகிறேன். விலாசம் மாறியது. அந்தச் சத்தம் மட்டும் கூடவே வந்துவிட்டது. நிரோஷினிக்கு நான் செய்ததற்கு வேறு காரணம் தேடிப் போக வேண்டாம்.

நிரோஷினி என் பழைய பக்கத்து வீட்டுக் கறுப்பையாவின் மகள். கறுப்பையா இன்னும் சபையில்தான் இருக்கிறார், நாலரை மணிக்கே விளக்குமாறோடு ரோட்டில் நிற்பார். இவள் கொழும்புச் சட்டக் கல்லூரியில் சோதனை எல்லாம் பாஸ் பண்ணினாள். மஹய்யாவ வரிசையில் இருந்து அப்படி யாரும் போனதாக எனக்குத் தெரியாது. ஆனால் பாஸ் பண்ணினால் மட்டும் சட்டத்தரணி ஆகிவிட முடியாதாம். ஒரு சீனியர் சட்டத்தரணிக்குக் கீழே ஆறு மாதம் சம்பளமில்லாமல் பழக வேண்டும். முடிவில், இவள் வேலையும் பழகினாள், நடத்தையும் நல்லது என்று அந்தச் சீனியர் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் படித்த அத்தனையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

முதலில் கொழும்பில் உள்ள பெரிய சட்டக் கொம்பனிகளுக்கு எழுதினாள். பத்துப் பதினைந்து இடத்துக்கு எழுதி ஒன்றில் கூப்பிட்டார்கள். விடியக்காலை ரயிலில் போனாள். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். சட்டத்தில் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொன்னாளாம். பிறகு லீவு நாட்களில் எந்தக் கொம்பனியில் பழகினீர்கள் என்று கேட்டார்களாம். லீவு நாட்களில் இவள் கட்டுகஸ்தோட்டையில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்தாள். அதில்தான் கொழும்பு அறை வாடகை போனது. அதைச் சொன்னதும் ஒரு பெண் சிரித்து, ரொம்ப நல்லது என்றாளாம். திரும்பி வந்து ஸ்டேஷனில் ஆட்டோவில் ஏறும்போது அவள் என்னிடம் சொன்னது இதுதான்.

"மாமா, பழகப் போறதுக்கு முன்னாடியே பழகியிருக்கணுமாம்."

பிறகு கண்டியில் கோட்டு என்று நாங்கள் சொல்கிற நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள சட்டத்தரணிமார் அறைகளுக்கு ஒவ்வொன்றாக ஏறினாள். ஒரு கிழமை முழுக்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கீழே ஆட்டோவை நிறுத்திவிட்டு இருப்பேன், இவள் பைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவாள். ஒருவரிடம் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் தன் நண்பர் மகனுக்குச் சொல்லிவிட்டார். ஒருவர் சி.வி.யை வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்து, திருப்பிக் கொடுத்து, கடிதம் போடுகிறோம் என்றாராம்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் பழைய சத்தம் கேட்டது. சி.வி.யைக் காட்டச் சொன்னேன். முதல் வரி பெயர், கறுப்பையா நிரோஷினி. இரண்டாம் வரி மஹய்யாவ.

என் விலாசத்தைப் போடு என்றேன். அது பொய் இல்லையா என்று கேட்டாள். கடிதம் வருவதற்கு ஒரு விலாசம், அதில் என்ன பொய் என்றேன். அடையாள அட்டையில் இருக்கிறதே என்றாள். அது பழைய விலாசம் என்று சொல்லு என்றேன். அன்றைக்கே புது சி.வி. அடித்தாள். ஒன்றைத் தபாலில் மட்டும் விண்ணப்பம் எடுக்கிற பழைய காலத்துக் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குப் பதிவுத் தபாலில் போட்டாள். இன்னொன்றைக் கண்டியில் சட்டத்தரணி சாஹுல் ஹமீதிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஹமீது சேர் வயசான மனுசன். அவளிடம் ஒரு கடிதத்தை மூன்று பாஷையிலும் எழுதித் தரச் சொன்னாராம், வாசித்தாராம். சி.வி.யைப் பார்த்து, குண்டசாலையா, தெல்தெனியக் கோட்டுக்குப் போகிற வழிதானே, நல்லம், திங்கட்கிழமை வாங்க என்றாராம். பார்த்தாயா என்று நான் பெருமை அடித்தேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

அந்த விலாசம் எங்களைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். தெல்தெனிய வழக்கு நாட்களில் சேர் அவளைக் காரில் கூட்டிப் போவார். திரும்பும்போது, உங்கட வீடு வழியில்தானே என்று எங்கள் கேற்றடியில் இறக்கிவிடுவார். இவள் பொய்யாகக் கேற்றைத் திறந்து உள்ளே வர வேண்டும். கார் போனபிறகு நான் ஆட்டோவில் மஹய்யாவவுக்குக் கொண்டுபோய் விடுவேன். கிழமைக்கு இரண்டு தரம் இந்த நாடகம். கலாராணி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, அவளுக்கு ஆறு மாசத்துக்குப் பிறகு சான்றிதழ் தருவாங்க, இத்தனை நாள் தேத்தண்ணி ஊத்தினதுக்கு எனக்கு யாரு தருவா என்பாள்.

நாலாம் மாதம் ஒரு மழை நாள். கார் கேற்றடியில் நின்றது, போகவில்லை. சேர் குடையோடு இறங்கினார். அசர் தொழுகைக்கு நேரம் போகிறது, பள்ளிக்குப் போய்ச் சேர ஏலாது, உங்கட முன்னறையில் தொழுதுவிட்டுப் போகவா என்று கேட்டார். அதற்கு யார் மாட்டேன் என்று சொல்வது. கலாராணி புதுப் பாய் எடுத்து விரித்தாள். நான் தண்ணீர்க் குழாயைக் காட்டினேன். கை கால் கழுவி வந்தவர் சுவரில் இருந்த எங்கள் படங்களைப் பார்த்தார். அதில் எங்கும் நிரோஷினி இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் வாப்பாவா? கறுப்பையா?"

நிரோஷினி என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிசம் இருந்தது. இல்லை, நான் மாமா, அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தால் போதும். அதிலும் பாதி உண்மை இருந்திருக்கும். ஆனால் அந்தப் படங்களையும் புதுப் பாயையும் பார்த்து என் வாய் முந்திவிட்டது.

"ஆமாங்க சேர்."

நல்ல மகளைப் பெற்றிருக்கிறீர்கள் என்றார். பிறகு பாயில் நின்று தொழுதார். நாங்கள் மூன்று பேரும் குசினியில் சத்தமில்லாமல் நின்றோம். அன்றைக்கும் நிரோஷினியை ஆட்டோவில் மஹய்யாவவுக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள்.

பதினெட்டு நாள்தான் போனது. ஆட்டோ இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு நாள் கவனிக்காமல் ஓட்டிப் பொலிஸில் பிடிபட்டிருந்தேன், கண்டிக் கோட்டில் வழக்குத் தவணை. அன்றைக்குத் தெல்தெனியவில் இருப்போம் என்று நிரோஷினி சொல்லியிருந்தாள், அந்தத் தைரியத்தில் போனேன். தெல்தெனிய வழக்கு முதல் நாளே தள்ளிப்போனது எனக்குத் தெரியாது. பின் வரிசை வாங்கில் நாற்பது பேரோடு உட்கார்ந்திருந்தேன். முன்னால் சட்டத்தரணிமார் மேசையில் ஹமீது சேர், பக்கத்தில் பைலோடு இவள். எழும்பி ஓடலாம் என்று பார்த்தேன், வாசலில் பொலிஸ்காரன் நிற்கிறான். பெயர் கூப்பிடுகிற முதலியார் அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"முத்தையா நிரஞ்சன்."

யாரும் எழும்பாததால் இன்னொரு தரம் கூப்பிட்டார். எழும்பினேன். கூண்டுக்கு நடந்து போனேன். பெயர் சரியா என்று கேட்டார்கள், சரி என்றேன். விலாசம் கேட்டார்கள், குண்டசாலை என்று இலக்கத்தோடு சொன்னேன். ஹமீது சேர் எழுதிக்கொண்டிருந்தவர், மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். நிரோஷினி கையில் இருந்த பைலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தண்டத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது வராந்தாவில் இரண்டு பேரும் நின்றார்கள். எல்லாம் என் வேலை, பிள்ளை மேல் குற்றம் இல்லை என்று சொன்னேன். அப்படியென்றால் கறுப்பையா யார் என்று சேர் கேட்டார். சொன்னேன். எங்கே வேலை என்று கேட்டார். கோட்டுக்கு முன்னால் உள்ள இந்த ரோட்டைத்தான் சேர், தினமும் அவர்தான் கூட்டுகிறார் என்று அவள் சொன்னாள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மஹய்யாவன்னு எழுதியிருந்தாலும் நான் எடுத்திருப்பேன் மகள். உங்கட நடத்தை நல்லம்னு நான் கையெழுத்து வெக்கோணும். இப்ப எதப் பாத்து வெக்கிற?"

எடுத்திருப்பாரா, எடுத்திருக்க மாட்டாரா, எனக்குத் தெரியாது. கெட்ட மனுசன் இல்லை. அவள் நீட்டிய பைலை வாங்கிக்கொண்டு, மழையாக இருக்கிறது, பார்த்துப் போங்க என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை, நாலு மாதமும் சில நாட்களும் பழகியது கணக்கில் இல்லாமல் போனது.

வேறு சீனியர்மார் இல்லையா என்று கேட்பீர்கள். போனாள். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், ஹமீது சேரிடம் இருந்து ஏன் பாதியில் நின்றீர்கள் என்று. உண்மையைச் சொன்னால் சரிவராது. இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை. பதிவு செய்யக் கல்லூரி குறித்த திகதியும் அப்படியே கடந்தது.

கறுப்பையாவுக்குக் கதை எப்படியோ போய்ச் சேர்ந்தது. ஒருநாள் விடிய, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன். அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. "மகள் வக்கீலாகணும்னா நான் ஊமையா இருந்திருப்பேன் நிரஞ்சன்," என்றார். "அப்பன இல்லாமலே ஆக்கணும்னு உனக்கு யாரு சொன்னா?" திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குப்பையைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

நிரோஷினி இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். டாக்டர்மாரின் கிறுக்கல் எல்லாம் அவளுக்குத்தான் வாசிக்க வருகிறதாம், முதலாளிக்கு நல்ல சந்தோசம்.

போன கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. தடித்த வெள்ளை உறை, மூலையில் அந்தப் பழைய கொழும்புக் கொம்பனியின் பெயர் அச்சடித்திருந்தது. நடுவில் அவள் பெயர், கீழே என் விலாசம். அன்றைக்கே சவாரியை விட்டுவிட்டு மஹய்யாவவுக்குக் கொண்டுபோனேன். கறுப்பையா என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போனார். அவள் வாசலில் நின்று வாங்கினாள். கூப்பிட்டிருக்கிறார்களா, வேண்டாம் என்றிருக்கிறார்களா, திறந்தால்தானே தெரியும். திறந்து பாரு பிள்ள என்றேன். அவள் உறையைத் திருப்பவே இல்லை. விலாசத்தை மட்டும் வாசித்தாள், இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என் சட்டைப் பையில் இருந்த பேனாவை அவளே எடுத்து, கடிதத்தோடு சேர்த்து என் கையில் வைத்தாள்.

"இந்த விலாசத்துல அப்படி ஒருத்தரும் இல்லன்னு எழுதி, தபால்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க மாமா."