மனக்காவலன் காப்பாற்றிய என் அக்கா

என் அக்கா பாப்பம்மாவைப் பற்றி ஒரு டாக்டர் ஏற்கெனவே கதை எழுதிவிட்டார், படமும் போட்டார். அதனால்தான் உக்குவளையில் போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்யும் நான், விஜிதா, இதை எழுத வேண்டியிருக்கிறது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் இருபத்தொரு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, சோறூட்டி, தொட்டிலாட்டித் தூங்கவைப்பாள். பதினாறு வருடத்தில் ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டதில்லை. புருஷன் செத்த பிறகு அந்த வேலைதான் அவளைத் தாங்கியது.

அவன் செத்த வருடமே அவளுக்குத் தூக்கம் போனது. சும்மா உட்கார்ந்து அழுவாள். நான்தான் மாத்தளைக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டினேன். மருந்து கேட்டது. ஆனால் விஷயம் தோட்டத்துக்குத் தெரிந்தால் வேலை போச்சு. பைத்தியக்காரியிடம் எவள் பிள்ளையை விடுவாள்? கிளினிக் செவ்வாய்க்கிழமை, அம்மனுக்கு உகந்ததும் செவ்வாய். மாதத்தில் ஒரு செவ்வாய் லீவு போட்டு, தேங்காய், பழம், வெற்றிலையோடு அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். கிளினிக் வாங்குப் பலகையில் தட்டை மடியில் வைத்துக் காத்திருப்பாள். மருந்தை வாங்கிய கையோடு முத்துமாரியம்மன் கோயிலுக்கு ஓடி, அர்ச்சனை செய்து, நெற்றி நிறையத் திருநீறோடு திரும்புவாள். மூன்று வருடம் ஈ காக்கைக்குத் தெரியாது.

அந்த டாக்டர் ஆறுமுகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். படித்தவர், மரியாதையாகப் பேசுவார், அதெல்லாம் சரி. ஆனால் மனுஷனுக்குச் சித்திரக்கதைக் கிறுக்கு. அவருடைய நாயகன் மனக்காவலன் பகலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட மனநல டாக்டர். பொழுது சாய்ந்தால் நீல அங்கியோடு மலைக்கு மேலே பறந்து வந்து, ஆட்களின் தலைக்குள் புகுந்து அரக்கர்களை அடித்து விரட்டுவான். மூஞ்சி அப்படியே டாக்டர் மூஞ்சி. உடம்பு மட்டும் பயில்வான் உடம்பு. கொழுப்பைப் பாருங்கள்!

அதை விழிப்புணர்வுப் புத்தகம் என்று அச்சடித்துத் தோட்டம் தோட்டமாக இலவசமாக அனுப்பினார்கள். எங்களுக்கு வந்த புத்தகக் கட்டை மிட்வைஃப் பிள்ளைக் காம்பராவில் வைத்துவிட்டுப் போனார். அட்டையில் பறக்கும் டாக்டரைப் பார்த்து அக்கா சிரித்திருக்கிறாள். பெருமையும் பட்டிருக்கிறாள், பாவி. உள்ளே புரட்டவில்லை. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஒவ்வொரு தாய் கையிலும் அவளே ஒன்று கொடுத்தாள்.

ஒன்பதாம் பக்கத்தில் அவளேதான். பெயர் மட்டும் செல்லாயி. பிள்ளைக் காம்பரா ஆயா, மடியில் அர்ச்சனைத் தட்டோடு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்குள் கறுப்பு அரக்கன். மனக்காவலன் அவனை ஒரே குத்தில் சாய்க்கிறான்.

மறுநாள் காலை நான்கு பிள்ளைகள்தான் வந்தன. தோட்டத் தலைவர் முத்துவீரன் வாசலில் நின்றே பேசினாராம்.

"ஜனங்க பயப்படுறாங்கம்மா. திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம். புள்ளைங்க வரலன்னா தொரை வேற ஆளப் போட்டுருவாரு."

அவருடைய பேரனையும் அவள்தான் தூக்கி வளர்த்தாள். நன்றிகெட்ட ஜென்மங்கள்.

நான் நேரே டாக்டரிடம் போய்ப் புத்தகத்தை மேசையில் வீசினேன்.

"நான் பேர் மாத்தித்தானே போட்டனான், தங்கச்சி," என்றார். "அவவ நல்லாத்தான் காட்டியிருக்கிறன். கடைசியில சுகமாகிறா."

"அர்ச்சனத் தட்டோட கிளினிக்குக்கு வர்ற ஆயா எத்தன பேருங்க இருக்காங்க? ஏன் தட்டுன்னு நீங்க கேட்டீங்க, அவளும் நம்பிச் சொன்னா. படம் போடவா சொன்னா?"

அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு இரக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மன்னிப்புக் கேட்கிறேன் என்று காரைப் போட்டுக்கொண்டு எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கே வந்து நின்றார். படித்த மனுஷனுக்கு இவ்வளவு அறிவு வேண்டாமா? லயமே வாசலுக்கு வந்துவிட்டது. சின்னதுகள் "மனக்காவலன்! மனக்காவலன்!" என்று கத்திக்கொண்டு காரின் பின்னால் ஓடின. அக்கா வெளியே வந்து அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? யாரத் தேடுறீங்க?"

டாக்டர் சுற்றிலும் பார்த்தார்.

"நான் இந்தப் புத்தகத்துக்குப் படம் கீறின டொக்டர்," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "கதையில வாற ஆயா நீங்களெண்டு ஆரோ சொல்லிச்சினம், பார்க்க வந்தனான். அவ வேற ஆள். உங்கள நான் ஒருநாளும் கண்டதில்லை."

"நான் கோயிலுக்குப் போறவ. கதையெல்லாம் வேற எங்கயாச்சும் போய்ப் போடுங்க."

டாக்டரே அது அவள் இல்லை என்று சொல்லிவிட்டார் என்று முத்துவீரன் லயம் முழுக்கச் சொன்னார். திங்கட்கிழமை பத்தொன்பது பிள்ளைகள் வந்தன. வேலை தப்பியது.

அடுத்த கிளினிக் நாளில் அக்கா பஸ் ஏறவில்லை. அவளுடைய கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு நான் போனேன். டாக்டர் ஒரு மாத மருந்தை எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்து அக்காவிடம் நீட்டினேன். வாங்கினாள், உறையோடு அடுப்பில் போட்டாள். எடுக்கப்போன என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. உறை எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய ஒருநாளும் கண்டதில்லன்னு அந்த ஆளே எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாருல்ல," என்றாள். "காணாத ஆளுக்கு எதுக்குடி மருந்து?"