வெள்ளி கொடுக்காத கை, சனி வாங்காத கை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கோடைகாலத் தொடக்கத்தில், இத்தாலியத் தீவு நகரான பலேர்மோவில் சீசா பகுதியில் உள்ள என் வீட்டில் நடந்தது இது.

நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, சிஞ்ஞோரா என்றுதான் அழைப்பேன், ஒரு யூதப் பெண். கணவர் இல்லை, பதினாறு வயது மகள் மட்டும். அந்தப் பிள்ளைக்குக் கிரேக்கத்தில் சலோனிக்கா என்ற ஊருக்குக் கல்விப் பயணம் போக இடம் கிடைத்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தத் தீவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களில் பலர் போய்க் குடியேறிய ஊராம் அது. துரத்தப்பட்ட கதை, போரில் ஊரை விட்டு வந்த நமக்குத் தெரியாததா?

ஆனால் பயணத்துக்குக் காசு சேரவில்லை. எங்கள் தமிழ்ப் பெண்களின் சீட்டுக்கு நான்தான் தாச்சி, அதாவது பொறுப்பாளர். "எங்களோடு சேருங்கள், மாதாமாதம் போடுங்கள், உங்கள் முறை வரும்" என்றேன். எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சிஞ்ஞோரா திகைத்தாலும் சேர்ந்தார், ஒரு மாதமும் தவறவில்லை.

கடைசி நேரம் வந்தது. ஞாயிறு காலைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். வியாழன் பின்னேரம் என் வீட்டில் சீட்டுக் குலுக்கினோம். விழுந்ததோ எங்களோடு சீட்டுப் போடும் மன்னார் அக்காவின் பெயர்! என் முகம் வாடியதை அவ பார்த்துவிட்டா.

"அந்தப் பிள்ளைக்குக் குடுங்கோ. படிப்பு நிண்டு பாக்காது. என்ரை அலுவல் பிறகும் பாக்கலாம்" என்றா. அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

உடனே சிஞ்ஞோராவுக்குச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் அழைத்தார். பொழுதுபடுவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் அப்போதுதான் தலை தோய்ந்துவிட்டுச் சாமி விளக்கேற்றியிருந்தேன். வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைத்த பிறகு, காசை வெளியே கொடுக்கலாமா? அதை இத்தாலியனில் விளக்க வெட்கமாக இருந்தது. "இன்று முடியாது, நாளைக்கு நானே கொண்டுவருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் நான் வைத்துவிட்டேன்.

சனி காலை பஸ் பிடித்துப் போனேன். அந்த வீட்டில் எனக்குத் திங்கள் முதல் வியாழன் வரைதான் வேலை. சனிக்கிழமை அங்கே போனதே இல்லை. காசை நீட்டினால், சிஞ்ஞோரா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்று தொடமாட்டாராம். மேசையில் வைக்கட்டுமா என்றேன். அதுவும் வேண்டாமாம். மேற்கொண்டு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. வாசலுக்கு வந்த லட்சுமியை யாராவது திருப்பி அனுப்புவார்களா? வீடு துடைக்கிறவளின் காசு ஆகாதாக்கும் என்று பொருமிக்கொண்டே வீடு திரும்பினேன்.

அன்று பொழுதுபட்டு, வானத்தில் வெள்ளி பூத்த பிறகு கதவு தட்டப்பட்டது. தாயும் மகளும். சிஞ்ஞோராவின் கண் சிவந்திருந்தது. அவர்களுக்கு வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை ஓய்வுநாளாம், காசைத் தொடுவதில்லையாம். "நேற்று நீங்கள் முடியாது என்றதும், உங்கள் சீட்டுப் பெண்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று அம்மா பயந்துவிட்டாள்" என்றாள் மகள். "இன்று நீங்கள் கோபத்தோடு போனதும் அழுதேவிட்டாள்."

நான் வெட்கத்தை விட்டு வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சாமியறை விளக்கையும் காட்டினேன்.

"வெள்ளியில் நாங்களும் விளக்கேற்றுவோமே!" என்று சிஞ்ஞோரா என் கையைப் பிடித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அடுப்படியில் மூவரும் பால் விடாத தேநீர் குடித்தோம். காசு கை மாறியது. நான் மன்னார் அக்காவை அழைத்துச் சொன்னேன்.

"அப்ப இனி ஞாயிற்றுக்கிழமை குலுக்குவம். நான் சேர்ச்சிலை பூசை முடிச்சு வாறன். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை" என்றா அவ. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

சலோனிக்காவுக்குப் புறப்படும் முன் அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டு போக வந்தாள். திருநீறு எடுக்கப் போன கை பாதியில் நின்றது. அவள் தலையைத் தடவி, "போயிட்டு வாங்கோ பிள்ளை" என்றேன். மொழி புரியாவிட்டாலும் என் தோளில் முகம் வைத்துக்கொண்டாள்.

இப்போதும் வெள்ளி மாலை விளக்கேற்றும்போது, இதே ஊரில் இன்னொரு வீட்டிலும் ஒரு தாயும் மகளும் திரி கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்நிய ஊரில் இருக்கிறேன் என்ற எண்ணம் அந்தச் சற்று நேரத்துக்கு எனக்கு வருவதே இல்லை.