சிட்டு முடிக்காத ஒன்பதாம் பாடம்

சிட்டு,

உன்னைக் கூப்பிட்டுத்தான் தொடங்க வருகிறது. ஆனால் இதைப் படிக்கப் போகிறவர்கள் உன் ஆபீஸ்காரர்களும், நீ செய்த ஆப்பைத் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த அம்மாக்களும். அவர்களுக்கு நீ சித்ரா. அதனால் அவர்களிடமே பேசுகிறேன்.

எங்கள் வீட்டில் அவள் பெயர் சிட்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் படித்தது ஐந்தாவது வரைதான். அவளோடு ஆபீஸில் வேலை பார்த்த ரேவதி மேடம் அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை திருவரங்குளத்துக்கு மேற்கே ஒரு கொல்லையில் ஏழெட்டுப் பேர், பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். சிட்டுவைக் காய்ச்சல் என்று திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் ஆகியிருந்தது. என் மாமனார் கூட இருந்தார். முந்தின நாள் கஞ்சி குடித்தாள் என்று அவர் சொன்னதால்தான் நான் வேலைக்கு வந்திருந்தேன். சாப்பாட்டுப் பையில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தால், மாமா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். அதற்குக் கீழே அம்மாக்கள் குரூப்பில் ரேவதி மேடத்தின் மெசேஜ். எழுத்துக் கூட்டினேன். சித்ரா, இன்று, காலை. அடுத்து த, வ, றி. அதோடு நிறுத்திவிட்டேன்.

ஆப்பில் ஏதாவது கோளாறு என்றால் ‘தவறு ஒன்று வந்துள்ளது’ என்றுதான் மேடம் போடுவார். இன்னொரு தவறு வந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் இவள் அதைத்தான் பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன். மனசுக்குள் திட்டவும் செய்தேன். மாமாவிடம் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டுவிட்டு இன்னும் ஒரு செடி ஆய்ந்தேன்.

பாதிச் சொல்லைப் பார்த்துவிட்டு மீதியை நானாக வைத்துக்கொள்வது என் பழக்கம். அதற்காக அவள் எப்போதும் சொல்வாள், “அவசரப்பட்டு ஊகிக்காதீங்கண்ணி. கடைசி எழுத்து வரைக்கும் போங்க.” அது ஞாபகம் வந்து போனை மறுபடி எடுத்தேன். கடைசி எழுத்து வரைக்கும் போனேன். தவறிவிட்டார்.

பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னால் சொல்ல முடியவில்லை. போனை நீட்டினேன். அவர்களிலும் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.

அவளுடைய ஆப் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்கிறேன். என் மகள் கயலுக்கு அப்போது நாலு வயது. திருச்சியில் வேலையில் இருந்த சிட்டு சனிக்கிழமை புதுக்கோட்டை வந்து டவுன் பஸ் பிடித்து வருவாள். ஒரு தடவை வந்ததும் வராததுமாக, பெற்றவர்களே பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தர ஒரு ஆப்பு செய்கிறோம் என்றாள். என் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார், “ஆப்பு ஆப்புங்குற. யாருக்குத்தா ஆப்பு வைக்கப் போற?” அவள் என்னைக் காட்டி, “மொதல்ல அண்ணிக்குத்தான்” என்றாள்.

சொன்னபடிதான் ஆனது. போனில் ஒரு கதை வந்தது. அதன் தலையில், இதை உங்கள் குழந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று எழுதியிருந்ததாம். நான் போனைக் கயல் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பால் பொங்குகிறது என்றேன். பாலே இல்லை. சிட்டு பின்னாலேயே வந்து காலிச் சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஐந்தாவதோடு நின்ற பிறகு பஸ் போர்டைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுவேன், அவ்வளவு நீளக் கதையை எங்கே வாசிப்பது என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அதுவரை அவளுக்குத் தெரியாது.

அவள் பரிதாபப்பட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் படவில்லை. “தப்பு ஒங்க மேல இல்லண்ணி. நான் செஞ்சது மேல” என்று சொல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கதை போய்விட்டது. அதற்குப் பதில் ஒரு குரல் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அது அம்மாவுக்கு மட்டும் சொல்லும். பிறகு போனைக் கவிழ்த்து வையுங்கள் என்று சொல்லும். பிள்ளையை அடுப்படிக்குக் கூட்டிப் போய் ‘ப’ என்று வாயில் வருகிற சாமானையெல்லாம் எடுக்க வேண்டும். பருப்பு, பட்டை, பச்சை மிளகாய். எடுத்துவிட்டு மாவில் அந்த எழுத்தைப் போட வேண்டும். “கவுத்து வைக்கிறதுக்கா அவன் வெளிநாட்டுல கெடந்து சம்பாரிச்சு போன் வாங்கி அனுப்புனான்?” என்று மாமியார் கேட்டார். சிட்டு சொன்ன பதில் என் மனசில் அப்படியே நிற்கிறது. “புள்ளைக்குச் சொல்லித்தரது போன் இல்லம்மா, அண்ணிதான். போனு அண்ணிக்குத் தொணைக்கு ஒக்காந்துருக்குற ஆளு.”

அந்தக் குரல் முதலில் டிவியில் நியூஸ் படிக்கிற மாதிரி இருந்தது. அதைக் கேட்டாலே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். மற்ற அம்மாக்களும் அதையேதான் சொன்னார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தம் வராமல் இருக்க என்னையும் அவளையும் சேர்த்து ஒரு போர்வையால் மூடிக்கொண்டு, என்னைப் பேசச் சொன்னாள். என் குரல் சண்டைக்காரி குரல், வேறு யாரையாவது பார் என்றேன். கேட்கவில்லை. பிள்ளை தப்பாகச் சொன்னால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். மண்டையில் ஒன்று போடுவேன் என்றேன். போர்வைக்குள் அவள் சிரித்த சிரிப்பில் அந்த ரெக்கார்டிங் வீணாகிப் போனது. அப்புறம் “பரவாயில்ல, இன்னொரு தடவை பாப்போம்” என்பதை இருபது தடவையாவது சொல்ல வைத்திருப்பாள். வெளியே ஆடு கத்தும். மறுபடி சொல்லுங்க என்பாள். வியர்த்து ஊற்றியது. என் பிள்ளையிடம் நான் அதுவரை சொல்லாத வார்த்தை அது. இன்று உங்கள் போனில் அதைச் சொல்வது நான்தான்.

இலைப் படம் பற்றி ரேவதி மேடம் கட்டாயம் எழுதச் சொன்னார். ‘இ’ எழுத்துக்கு இலைப் படம் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அப்படித்தானே இருக்கிறது. கயல் படத்தைப் பார்த்ததும் “எலை” என்றாள். ‘எ’வைத் தொட்டாள். ஆப் இல்லை என்றது. மறுபடி தொட்டாள், மறுபடி இல்லை என்றது. நானும் “எலைக்கு எ-தானடி, நல்லா அமுக்கு” என்று அதட்டினேன். பிள்ளை அழுதுவிட்டது. சிட்டு முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாமியாரிடம் படத்தைக் காட்டினாள், எலை. மாமாவிடம் காட்டினாள், எலை. போனைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடை வரிசைக்கே போய்விட்டாள். எலை, ஒரல், ஒலக்கை. வரிசையில் நின்ற அத்தனை வாயும் ஒன்றுபோலச் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் ஊரே தப்பாகப் பேசுகிறோமா என்று கேட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. “யாரும் தப்பில்லண்ணி. மொதல்ல வீட்டு வாயிக்கு எழுத்து குடுப்போம். புத்தகத்து வாயி பின்னாடி வரட்டும்” என்றாள். இலை போய் இட்லி வந்தது. உரல் போய் உப்பு வந்தது. இட்லியை எந்த ஊரில் யார் சொன்னாலும் இட்லிதான் என்பதை அவள் கண்டுபிடித்த அன்று ஏதோ புதையல் எடுத்தவள் மாதிரி இருந்தாள். ஆபீஸில் இதற்காகப் பெரியவர்களோடு சண்டை போட்டாள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் அவள் அதைச் சொன்னதில்லை.

அவளுக்குக் கோபமும் வரும். அதையும் எழுத வேண்டும். ஒரு தடவை இரண்டு வாரம் நான் பாடமே வைக்கவில்லை. கடலை வேலை, களைப்பு. பாடம் நடந்தது என்று பொய் சொன்னேன். எந்த நாளில் யார் திறந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? “எல்லா அம்மாவும் பொய் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க. ஒங்கள வச்சுத்தான் நான் மத்தவங்கள புரிஞ்சிக்கிறேன்” என்றாள். அன்று சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போனாள். பஸ் ஸ்டாப்பில் இருந்து போன் வந்தது. பசிக்கிறதாம், மாமா கையில் சோறு கொடுத்து அனுப்பச் சொன்னாள்.

சிட்டு எட்டுப் பாடம் செய்து முடித்திருந்தாள். கயல் இப்போது ஒன்றாவது போகிறாள். எட்டுப் பாடத்தில் வந்த எழுத்துகளை எங்கே பார்த்தாலும் வாசிக்கிறாள், உப்புப் பாக்கெட்டிலும் வாசிக்கிறாள். ஆனால் ஒரு முழு வரி என்றால் நடுவில் நின்றுவிடுகிறாள். எழுத்து தெரிகிறது, வரி வரவில்லை. அதற்கு ஒன்பதாவதில்தான் வழி வைத்திருப்பதாக சிட்டு சொல்லியிருந்தாள். ஒன்பதாவது பாடத்தின் மேல் இன்னும் பூட்டுப் படம் இருக்கிறது. கயல் தினமும் அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்க்கிறாள். “அத்தை எப்பம்மா தொறப்பாங்க?” என்று கேட்கிறாள். அத்தை சாமிகிட்ட போய்விட்டாள் என்று சொல்லியாகிவிட்டது. அங்கிருந்து திறக்க முடியாதா என்கிறாள்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து ரேவதி மேடம் வீட்டுக்கு வந்தார். மாமியார் அவரைப் பார்த்து அழுது ஓய்ந்த பிறகு, பையிலிருந்து சிட்டுவின் நோட்டை எடுத்தார். பாடத்துக்கு ஒரு பக்கம். எட்டு வரைக்கும் பக்கம் நிறைய எழுத்து, அம்பு, படம். பத்திலிருந்து என்னென்ன எழுத்து என்று மட்டும் குறித்திருக்கிறாள். நடுவில் ஒன்பதாவது பக்கம். தலையில் ஒன்பது என்று போட்டு, அதன் கீழே ஒரே வரி.

மேடம் வாசிக்க வாயெடுத்தார். நானே வாசிக்கிறேன் என்றேன். ‘இதை அண்ணியிடம் கேட்க வேண்டும்.’

“யோசிச்சுப் பாருங்கக்கா. ஒங்ககிட்ட என்ன கேட்டாங்க? அது தெரிஞ்சா மிச்சத்த நாங்க முடிச்சிருவோம். ஒம்பது இல்லாம பத்துக்குப் போக முடியாதுக்கா” என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நான் யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். கொல்லையில் குனிந்து நிற்கும்போதும் அதுதான். படித்தவர்கள் அத்தனை பேர் இருக்கிற ஆபீஸில் யாருக்கும் தெரியாத எது எனக்குத் தெரியும்? நான் எந்த இடத்தில் வாசிக்க மறந்தேன் என்று கேட்க இருந்தாளா? கயல் எந்தச் சொல்லில் எழுந்து ஓடுகிறாள் என்றா? வரியைப் பார்த்தால் எனக்குள் என்ன பயம் வருகிறது என்றா? இப்படி ஒவ்வொன்றாக மேடத்திடம் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். எதுவும் பொருந்தவில்லை.

காய்ச்சல் தொடங்கிய அன்று அவள் எனக்குப் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டேன் என்றாள். பிறகு, “அண்ணி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது, காயப் போட்ட கடலையை அள்ளிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தானே இருப்பாய், அப்போது ஆற அமரக் கேள் என்றேன். சரிங்கண்ணி என்று வைத்துவிட்டாள். கடலை நனையவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைத்தான் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவள் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. போன் வழியாகத்தான் முகம் பார்த்தார். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று எழுதச் சொன்னார்கள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இப்போது நான் யாரையும் கேட்பதில்லை. நானே போர்டு பார்த்து ஏறுகிறேன். இந்த நாலு பக்கத்தையும் நானே எழுதினேன். கயலுக்கு எட்டுப் பாடம் இருக்கிறது. அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அவளோடு உட்காருகிறேன். அவள் வரியின் நடுவில் நிற்கிறாள். நானும் அங்கேயே நிற்கிறேன்.

சிட்டு, எங்கிட்ட என்னத்தா கேக்கணும்னு இருந்த?